வேதபாடத்தில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் சனிக்கிழமை மாலை வாலிபர் வேதபாடம் நடத்தத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் தங்கி ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் வருகிறார்கள். நர்ஸ் படிப்புக்காக நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த பிள்ளைகள், இங்கேயே பிறந்து வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறவர்கள், மாரிக்குப்பம் ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று பலர். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சினிமாவும் ரீல்ஸும் ஆபீஸும் சொந்தக்காரர்களும் வாழ்க்கையைப் பற்றி ஒன்று சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. பதில்களில் தவறு இருந்தால் அது என்னுடையது, சபையுடையது அல்ல.

1. கிறிஸ்தவன்னா வாழ்க்கையை அனுபவிக்கவே கூடாதா அக்கா? இருக்கிறது ஒரே ஒரு லைஃப்தானே?

தாராளமாக அனுபவிக்கலாம். யோவான் எழுதியபடி இயேசு செய்த முதல் அற்புதமே ஒரு கல்யாண வீட்டில்தான். கானாவூரில் திராட்சரசம் தீர்ந்துபோனபோது, இரண்டு மூன்று குடம் கொள்கிற ஆறு கற்சாடித் தண்ணீரை அவர் ரசமாக்கினார். ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு அது தேவைக்கும் மேல். அவரைப் பிடிக்காதவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘போஜனப்பிரியன்’. விருந்துக்கே போகாத ஒருவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது.

‘ஒரே வாழ்க்கை’ என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ‘என் வாழ்க்கை’ என்கிறோமே, அங்கேதான் பிரச்சினை. லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். என் களஞ்சியம், என் தானியம், என் பொருள் என்று எண்ணிக்கொண்டே போய், கடைசியில் தன் உயிரையும் அதே கணக்கில் சேர்த்து ‘இனி பல வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று அதனிடம் பேசுகிறான். அன்று இராத்திரியே அந்த உயிர் திரும்பக் கேட்கப்படுகிறது. உயிர் எனக்குக் கொடுக்கப்பட்டது, நான் அதைப் பெற்றுக்கொண்டவள் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

2. நான்தான் கஷ்டப்பட்டுப் படிச்சேன், நான்தான் இன்டர்வியூ போனேன். இதுல கடவுள் எங்கே வந்தார்?

உங்கள் உழைப்பு பொய் என்று யாரும் சொல்லவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது ‘உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?’ என்று கேட்கிறார். நேர்மையாக உட்கார்ந்து யோசித்தால் பதில் சொல்லவே முடியாத கேள்வி அது.

என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்தச் சூட்டிலும் தூசியிலும் முப்பது வருடம் வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் மூச்சு வாங்கியே இறந்தார். அந்தச் சம்பளத்தில் என் அப்பா படித்தார், அப்பா படித்ததால் நான் படித்தேன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது அதே தெருவில், அதே மாதிரி உழைத்த எத்தனையோ குடும்பங்கள் வழியில்லாமல் நின்றன. உழைப்பில் அவர்கள் எனக்குக் குறைந்தவர்கள் இல்லை. ‘நானே உண்டாக்கினேன்’ என்று நான் சொன்னால் என் தாத்தாவின் நுரையீரலை மறந்துவிட்டேன் என்று அர்த்தம். தாத்தாவைக் கொடுத்தவரையும் சேர்த்துத்தான்.

3. வசதி வந்தா ஆசீர்வாதம், வரலைன்னா ஏதோ சாபம். இப்படித்தானே நம்ம சபைகள்லயே சொல்றாங்க?

சொல்கிறார்கள். அது தவறு. சாட்சி சொல்லும் நேரத்தில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ஆன்சைட் கிடைத்தவர், ஃபிளாட் வாங்கியவர், விசா வந்தவர். வேலை போன தம்பி கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஆபீஸில் அவனைத் தரம் பார்த்து அனுப்பிவிட்டார்கள், சபைக்கு வந்தால் இங்கேயும் அதே தராசுதான் என்றால் அவன் எங்கே போவான்?

வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் என்று ஆளுக்கொன்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள். அதுவரை என்ன செய்வது? அந்நிய ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை உள்ள வசனங்கள் சொல்கின்றன. பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த நமக்கு 11-ஆம் வசனத்தைவிட அவைதான் ரொம்பப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும். இந்த ஊர் தண்ணீரையும் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, ‘இது நம்ம ஊரா என்ன’ என்று இருந்துவிட முடியாது.

‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13-உம் அப்படித்தான். ஜிம் சுவரிலும் கார் கண்ணாடியிலும் ஒட்டுகிறோம். பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது. பட்டினியாகவும் இருக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுதிய வரி.

4. ‘எல்லாம் தலையெழுத்து’ன்னு பாட்டி சொல்வாங்க. நீங்க ‘கர்த்தருடைய சித்தம்’னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

பல வீடுகளில் இரண்டையும் ஒரே தொனியில்தான் சொல்கிறார்கள், அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் தலையெழுத்தோடு யாரும் சண்டை போட முடியாது. அது எழுதி முடித்தது. வேதாகமத்தில் மனிதர்கள் கடவுளோடு வாதாடுகிறார்கள். யோபு வாதாடினான். ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று சங்கீதக்காரன் கத்துகிறான். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசுவே ‘இந்தப் பாத்திரம் நீங்கட்டும்’ என்று கேட்டுவிட்டுத்தான் ‘உம்முடைய சித்தத்தின்படி’ என்றார். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் அழவே முடிகிறது.

இன்னொன்று. கஷ்டம் வந்தவுடன் ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று ஆள் தேடுவது நம் ஊர்ப் பழக்கம். பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்களும் அதையே கேட்டார்கள்: இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றே சொன்னார். அப்படியானால் ஏன் நடந்தது? எனக்குத் தெரியாது. லாசருவின் கல்லறை முன்னால் இயேசு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, அழுதார். துக்க வீட்டுக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். ‘எல்லாம் நன்மைக்குத்தான்’ என்று வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

5. ராகு காலம், எமகண்டம் பார்க்கிறது தப்பா? என் மாமியார் பார்க்காம எதுவும் செய்யமாட்டாங்க.

கிறிஸ்துவை நம்புகிறவருக்கு அது தேவையில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் நமக்கு எதிராக வேலை செய்கிறது என்றால், அந்த ஒன்றரை மணி நேரம் வேறு யாரோ ஒருவருடைய ஆளுகையில் இருக்கிறது என்று ஆகும். நாள் பார்த்த கலாத்தியரைப் பவுல் கடிந்துகொள்வது இதனால்தான்.

உங்கள் மாமியார் இந்துவாக இருந்தால் அவரோடு வாதம் வேண்டாம். அவர் நம்பிக்கைக்கு மரியாதை கொடுங்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பச் சொன்னால் ஒன்பது மணிக்குக் கிளம்புவதால் விசுவாசம் போய்விடாது. நான் கவலைப்படுவது நம் வீட்டு ராகு காலத்தைப் பற்றித்தான். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதும், மேலே சொன்ன வாக்குத்தத்த அட்டையை வருஷ பலன் மாதிரி வாசிப்பதும் அதே பயம்தான், சட்டை மட்டும் வேறு.

6. ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் திறக்கலைன்னா அப்ரைசல்ல அடி விழும். ஓய்வுநாள் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா?

ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் 5-ஆம் அதிகாரம் கொடுக்கிற காரணத்தைப் பாருங்கள். ‘நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய்’ என்கிறது. அடிமைக்கு லீவு கிடையாது. செங்கல் கணக்கு குறைந்தால் அடி. விடுதலையான ஜனத்துக்குக் கிடைத்த முதல் உரிமைகளில் ஒன்று, ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு ‘என் மதிப்பு என் செங்கல் கணக்கில் இல்லை’ என்று உட்காருவது. ஆகவே இது இந்தக் காலத்துக்கு மிகவும் தேவையான கட்டளை என்பேன். ஆஸ்பத்திரியிலோ சப்போர்ட்டிலோ ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு ஞாயிறு கிடைக்காது. அவர்கள் வேறொரு நாளை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அதே கட்டளையில் நாம் தாண்டிப் போய்விடுகிற ஒரு வரி இருக்கிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ‘உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு.’ நம்மில் பலர் அபார்ட்மென்டில் இருக்கிறோம். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா பெரும்பாலும் தமிழ்தான், பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறார். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளப் பிடித்தம் இல்லாத லீவு இருக்கிறதா? நாம் கோவிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் பாத்திரம் தேய்த்து வைத்திருக்க வேண்டும் என்றால், ஓய்வுநாளை நாம் ஆசரிக்கவில்லை. அவருடைய நாளையும் எடுத்துக்கொண்டோம். இதை முதலில் எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த அக்காவுக்கு ஞாயிறு லீவு என்று முடிவு செய்ய எனக்கு நான்கு வருடம் ஆனது. அது எனக்கு வருத்தம்தான்.

7. வரதட்சணை நாங்க கேட்கவே இல்லை, பொண்ணு வீட்ல அவங்களா ஆசையா செய்றாங்க. அதையும் வேண்டாம்னு சொல்லணுமா?

ஆமாம், சொல்ல வேண்டும். 1961-ஆம் வருடச் சட்டப்படி வரதட்சணை கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். சட்டத்தை விடுங்கள். ‘ஆசையாகச் செய்கிறார்கள்’ என்பது பெரும்பாலும் உண்மையில்லை. செய்யாவிட்டால் நாளைக்குப் பெண்ணை என்ன சொல்வார்களோ என்று பயந்து செய்கிறார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்காக ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, மாத்திரை வாங்க மகனிடம் கை நீட்டுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும்.

நாலு பேர் நமக்கு வேண்டும். துக்கத்துக்குத் தோள் கொடுப்பதும் அந்த நாலு பேர்தான். ஆனால் நம் மதிப்பை நிர்ணயிக்கிற இடத்தில் அவர்களை உட்கார வைக்கக் கூடாது. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மாப்பிள்ளைத் தம்பிகளுக்கு ஒன்று: அம்மாதான் கேட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லாதீர்கள். நகை எத்தனை பவுன் என்று உங்களுக்குத் தெரியும்.

8. கிறிஸ்தவங்களே சாதி பார்த்துத்தானே கல்யாணம் பண்றாங்க? அப்புறம் மத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த விஷயத்தில் பல இடங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. ‘கிறிஸ்தவ மணமகன் தேவை’ என்று விளம்பரம் கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே சாதியைப் போடுகிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிப்படி இடம் பிரித்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இது இன்று நேற்று வந்ததில்லை. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதும் விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்குக் கடிதம் எழுதினார். எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது.

கலாத்தியர் 3:28 யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை, அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்கிறது. ‘ஆன்மீகத்தில் எல்லாரும் ஒன்று, சம்பந்தம் என்று வந்தால் வேறு’ என்று அதற்கு விளக்கம் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நற்கருணைப் பாத்திரம் வாய்க்கு வாய் போகிறது. அதில் சேர்ந்து குடித்துவிட்டு, ‘உங்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்’ என்று எப்படிச் சொல்ல முடிகிறது? பிறப்பை வைத்து ஒருவரை அளந்தால், 2-ஆம் கேள்வியில் பார்த்த ‘பெற்றுக்கொண்டது’ என்பதையே நாம் பெருமையாக மாற்றிவிடுகிறோம். பெங்களூரில் யாரும் சாதி கேட்பதில்லை என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதும் கல்யாணப் பேச்சு வரும்போதும் அது தெரிந்துவிடும்.

9. யாருக்கும் கெடுதல் நினைக்காம நல்லவனா இருந்தா போதாதா?

நல்லவராக இருங்கள், அதில் பின்வாங்கவே வேண்டாம். ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தால் போதும்? இதற்குப் பதில் தெரியாமல்தான் மனிதர்கள் களைத்துப் போகிறார்கள்.

பெங்களூரில் காலை ஏழு மணிக்குச் சாலை முனைகளில் மேஸ்திரிகளும் சித்தாள்களும் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பத்து மணிக்கு மேல் நிற்கிறவர்களுக்கு அன்று வேலை இல்லை. பெரும்பாலும் வயதானவர்கள், மெலிந்தவர்கள். மத்தேயு 20-இல் இயேசு சொன்ன கதை அந்தச் சாலை முனையில்தான் நடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கும் நிற்கிறவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்க, ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். ஒரு மணி நேரம் வேலை பார்த்த அவர்களுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அது நமக்கும் உறுத்தும். எனக்கு உறுத்தியது. நான் எந்த மணிக்கு வந்தவள் என்று யோசித்துப் பார்த்த அன்றைக்குத்தான் அந்த உறுத்தல் போனது. கிருபை என்று நாம் சொல்வது அந்த முழு நாள் கூலியைத்தான்.

10. பாட்டிக்கு எங்களையே அடையாளம் தெரியலை, நாலு வருஷமா படுக்கை. இப்படி இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் அக்கா?

இதைக் கேட்ட பெண் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பாட்டிக்கு உடம்பு துடைத்துவிடுகிறவள். அவள் கேட்டது வெறுப்பில் இல்லை, அசதியில். அவளுக்கு முதலில் தேவைப்பட்டது வசனம் இல்லை, ஒரு ராத்திரி தூக்கம். சபையில் மூன்று பேர் முறை வைத்துப் போய் உட்கார ஆரம்பித்தோம். உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அதைத்தான் முதலில் செய்யுங்கள்.

பிரயோஜனம் என்பது பொருளுக்கு உள்ள அளவு. மனிதருக்கு அந்த அளவை வைத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் மண்ணுக்கே தெரியும். தென் மாவட்டங்களில் சில இடங்களில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கிற தலைக்கூத்தல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடூரமான மனிதர்கள் செய்ததில்லை அது. வறுமையும் அசதியும் சேர்ந்து செய்தது. உயிர் கொடுக்கப்பட்டது என்றால், நினைவு போன பிறகும் அது கொடுக்கப்பட்டதுதான். பாட்டி நம்மை மறந்திருக்கலாம், அவரை மறக்காதவர் ஒருவர் இருக்கிறார்.

அதற்காகக் கடைசி மூச்சுவரை வென்டிலேட்டரில் வைத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. கொல்வது வேறு, பயன் தராத சிகிச்சையை நிறுத்திவிட்டு மரணத்தை ஏற்றுக்கொள்வது வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றமும், நிபந்தனைகளோடு அப்படி நிறுத்துவதை அனுமதித்தது. வலியைக் குறைத்துக் கூட இருப்பது பெரிய ஊழியம். மாரத்தஹள்ளி பக்கம் கருணாஷ்ரயா என்ற இல்லம் முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் கவனித்துக்கொள்கிறது. அது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. அதனால் என்ன, நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே இருக்கிறது.

11. ஸ்கேன்ல குழந்தைக்குக் குறை இருக்குன்னு சொல்லிட்டாங்க. வேண்டாம்னு முடிவெடுத்தா அது பாவமா?

இதை என்னிடம் கேட்டவர்களுக்கு எழுத்தில் பதில் சொன்னதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறேன். இங்கே சுருக்கமாக மட்டும். கர்ப்பத்தில் உள்ளதும் கொடுக்கப்பட்ட உயிர்தான் என்று நான் நம்புகிறேன். 10-ஆம் பதிலில் பாட்டிக்குச் சொன்னது அந்தக் குழந்தைக்கும் பொருந்தும். தாயின் உயிருக்கே ஆபத்து என்கிற நிலை வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள். பெண் குழந்தை என்பதற்காகக் கலைப்பதை மனசாட்சியும் 1994-ஆம் வருடச் சட்டமும் சேர்ந்தே தடுக்கின்றன.

ஆனால் ‘அந்தக் குழந்தை வாழட்டும்’ என்று சொல்கிற வாய்க்குக் கையும் இருக்க வேண்டும். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்து முதலில் ஊழியம் தொடங்கியது நம் பெங்களூரில்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1901-இல் கோவிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் ஓடி வந்தாள். அதன்பின் யாரும் வேண்டாம் என்ற குழந்தைகள் டோனாவூரில் நிறைந்தார்கள். 1951-இல் இறக்கும்வரை அவர் ஊருக்குத் திரும்பவில்லை. குறையோடு பிறந்த பிள்ளையைச் சண்டே ஸ்கூலில் சேர்க்கத் தயங்குகிற சபை, அதன் தாய்க்குப் பிரசங்கம் பண்ணக் கூடாது. ஏற்கெனவே கலைத்துவிட்டு மனம் நொந்திருப்பவரானால், தயவுசெய்து 9-ஆம் பதிலை மறுபடி படியுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் அது.

12. தற்கொலை செஞ்சவங்க நேரா நரகத்துக்குத்தான் போவாங்களா? என் ஃபிரெண்ட்...

அந்தத் தம்பி வாக்கியத்தை முடிக்கவில்லை. இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி ஒருவர் இருந்தால் சொல்கிறேன்: வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. மரணமோ ஜீவனோ கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-இன் முடிவில் இருக்கிறது. உங்கள் நண்பனைத் தேவனுடைய கையில் விட்டுவிடுங்கள். அவர் உங்களைவிட அவனை அதிகம் நேசித்தவர். இப்படி இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனை மறுத்த காலம் சபைகளில் இருந்தது. துக்கத்தில் இருந்த குடும்பங்களின் மேல் நாம் போட்ட கல் அது.

உயிரை முடித்துக்கொள்வது தவறு என்றுதான் விசுவாசம் சொல்கிறது, அது நமக்குச் சொந்தமில்லை என்பதால். ஆனால் அந்த விளிம்பில் நிற்கிறவருக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே விழுந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டான். தேவன் அவனைத் திட்டவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

மனச்சோர்வு ஒரு நோய். ஜெபக் குறைவால் வருவதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற போதகர், மனநோய்க்கு மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாக எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். 2017-ஆம் வருட மனநலச் சட்டத்துக்குப் பிறகு, முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்படுகிறார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். நள்ளிரவில் தனியாக இருக்க முடியவில்லை என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் தட்டியிருக்கிறார்கள். இரண்டு முறையும் தோசை சுட்டுக் கொடுத்தேன்.

13. இவ்வளவு சொல்றீங்களே, உங்களுக்குச் சாவுன்னா பயமே இல்லையா?

இருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவுக்கே வியாகுலம் இருந்தது. ‘சாவு இயற்கைதானே, அதைக் கொண்டாடு’ என்று இப்போது பேசுகிறார்கள். பவுல் சாவைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துருவைக் கண்டு பயப்படுவதில் வெட்கமில்லை. அந்தச் சத்துரு அழிக்கப்படும் என்று எழுதியிருப்பதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். உயிர்த்தெழுந்த திருநாள் அன்று அதிகாலை ஆராதனை முடிந்ததும் நானும் தம்பியும் சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு அங்கே போவோம். போன வருடம் என் பேத்தியும் வந்தாள், நாலு வயது. கல்லில் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு, ‘தாத்தா எப்ப எழுந்திருப்பாங்க?’ என்று கேட்டாள். எப்போது என்று தெரியாது, ஆனால் எழுந்திருப்பார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, மாலையைச் சரியாகப் போட்டுவிட்டு வந்தாள்.